சூப்பர் ஹீரோவின் முகவரியில் நாடு எங்கே வரவேண்டும்?

சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது உடையை. முகமூடி, கையுறை எல்லாம் சரசரவென்று வந்துவிடும். மார்பில் என்ன சின்னம் என்ற இடத்தில் பென்சில் நின்றுவிடும். தேசக் கொடியின் நிறமா, பூமி உருண்டையா? அவன் ஒரு நாட்டுக்காரனா, உலகத்துக்கே பொதுவானவனா?

அந்த இடத்தில் முடிவு எடுக்க வேண்டாம். சின்னம் கடைசி வேலை. அதற்கு முன்னால் தாளில் எழுதி முடிக்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றை எழுதினால் நாடா உலகமா என்பதற்கு விடை தானாகவே வந்து நிற்கும்.

நான்கு வரி எழுதுங்கள்

ஒரு தாள் போதும். நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில்:

1. அவனை யார் அனுப்புகிறார்கள்?
2. வேலை முடிந்ததும் யாரிடம் போய்க் கணக்குச் சொல்கிறான்?
3. இரவு எங்கே தூங்குகிறான்?
4. எந்த உத்தரவு வந்தால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான்?

(நாயகியாக இருந்தாலும் கேள்விகள் இவைதான். எளிமைக்காக இங்கே ‘அவன்’.)

கேப்டன் அமெரிக்காவை வைத்து நிரப்பிப் பாருங்கள். அனுப்புவது ராணுவம், கணக்குக் கேட்பதும் ராணுவம், வீடு நியூயார்க். நான்காவது வரி 1941இல் காலி. அதை நிரப்ப 33 வருடம் ஆயிற்று. சூப்பர்மேனுக்கு முதல் இரண்டு வரியும் ‘யாருமில்லை’. மூன்றாவது மெட்ரோபோலிஸ் நகரம், வளர்ந்தது கான்சாஸில் ஒரு பண்ணை வீடு.

முதல் இரண்டு பதிலும் ஓர் அரசாங்கம் என்றால், மார்பில் பூமி உருண்டையே இருந்தாலும் அவன் அந்த நாட்டின் ஆள். இரண்டும் ‘யாருமில்லை’ என்றால், உடை முழுக்கக் கொடி இருந்தாலும் அவன் அந்த நாட்டுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. முதல் பதில் அரசு, இரண்டாவது பதில் மனசாட்சி என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நல்ல கதை அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வரியை மட்டும் யாரும் காலியாக விடக்கூடாது. தெருப் பெயர், வாடகை, பக்கத்து வீட்டுக்காரர் வரை எழுதுங்கள். உலகத்துக்குப் பொதுவான நாயகனுக்கு ஊர் வேண்டாம் என்று நினைப்பதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. ஸ்பைடர்மேனை உலகம் முழுக்கத் தெரியும். அவன் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதிப் பையன், வாடகை கட்டத் திணறுகிறவன்.

சக்தியை அளந்து கொடுங்கள்

பலரும் கவனிக்காத விஷயம் இது: நாடா உலகமா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கொள்கை இல்லை, சக்தியின் அளவு.

சூப்பர்மேன் 1938இல் வந்தான். அடுத்த வருடம் போர். மலையைத் தூக்குகிறவன் ஏன் போரை நிறுத்தவில்லை என்று எந்தக் குழந்தையும் கேட்கும். 1940 பிப்ரவரியில் ‘லுக்’ என்ற அமெரிக்க இதழுக்காக அவனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 2 பக்கக் கதை ஒன்று செய்தார்கள். அதில் அவன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன்னால் நிறுத்துகிறான். போர் 2 பக்கத்தில் முடிந்தது. மூன்றாவது பக்கத்துக்குக் கதை இல்லை. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, 1942இல், செய்தித்தாள் தொடரில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படையில் சேரப் போன கிளார்க் கென்ட் (சூப்பர்மேன் சாதாரண மனிதனாக வாழும் பெயர்), பதற்றத்தில் தன் ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படித்துவிட, கண் பரிசோதனையில் தோற்றுப்போகிறான். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வழி அவர்களுக்கு இல்லை.

கேப்டன் அமெரிக்காவுக்கு இந்தச் சிக்கல் வரவேயில்லை. அவன் நல்ல உடற்கட்டுள்ள மனிதன், கையில் ஒரு கேடயம், அவ்வளவுதான். போர்க்களத்தில் இருக்கலாம், ஒரு பாலத்தைக் காப்பாற்றலாம், போரை முடிக்க முடியாது.

ஆகவே அளவுகோல் இப்படி. உங்கள் நாயகன் ஒரு பட்டாலியனை மட்டும் தடுக்க முடிந்தவன் என்றால் அவனை ஒரு நாட்டோடு கட்டலாம். ஒரு படையையே தடுக்க முடிந்தவன் என்றால் கட்டக்கூடாது. கட்டினால் பக்கத்து நாட்டு வாசகனுக்கு அவன் ஹீரோ இல்லை, ஏவுகணை. அதையும் மீறிக் கட்டத்தான் வேண்டும் என்றால், பக்கத்து நாடுகள் அவனைக் கண்டு எப்படிப் பயப்படுகின்றன என்பதே கதையாக இருக்கவேண்டும்.

நாட்டின் நாயகன் என்று முடிவானால்

கேப்டன் அமெரிக்காவின் வரலாற்றைப் பாடப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம், அதன் தோல்விகளோடு சேர்த்து.

ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய முதல் இதழில் மார்ச் 1941 என்று தேதி இருக்கிறது. கடைக்கு வந்தது 1940 டிசம்பரிலேயே. அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து. அமெரிக்கா போரில் இறங்க அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆக, அந்த அட்டை அரசின் அன்றைய நிலைப்பாட்டைச் சொல்லவில்லை, அரசை முந்திக்கொண்டு ஓடியது. தேசபக்திக் கதை என்றால் அரசுக்கு ஆமாம் போடுவது என்று நினைப்பவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போர் முடிந்ததும் கதை வற்றியது. 1953 கடைசியில் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவன் என்ற பட்டத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். 1954இல் அவன் பெயரில் மூன்றே இதழ், கடையை மூடிவிட்டார்கள். 1941இல் அடித்தது வெளிப்படையாகப் படையெடுத்து வந்த ஒருவனை. 1954இல் யார் எதிரி என்பதையே அரசு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நாயகன் தன் கண்ணால் பார்க்காத எதிரியை அடித்தால் அடியாள் ஆகிவிடுவான். 1972இல் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் அந்த ஐம்பதுகளின் கேப்டன் அசல் ஆளே இல்லை, வேறொருவன் வேஷம் போட்டிருந்தான் என்று ஒரு கதையே எழுதிக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது.

1964இல் ஸ்டான் லீயும் கிர்பியும் அவனைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்தார்கள். போர்க்காலத்து அமெரிக்காவை நம்பிக்கொண்டு உறைந்தவன், வேறொரு அமெரிக்காவில் கண் விழிக்கிறான். நாடு கொடுத்த வாக்கும் நாடு இன்று நடந்துகொள்கிற விதமும் ஒரே ஆளின் தலைக்குள் மோத ஆரம்பித்தது அங்கேதான்.

அந்த மோதல் 1974இல் உச்சத்துக்குப் போயிற்று. ஒரு ரகசியக் கும்பலின் தலைவனை கேப்டன் வெள்ளை மாளிகைக்குள் வரை துரத்துகிறான். முகமூடி கழல்கிறது, முகம் நமக்குக் காட்டப்படவில்லை, நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவர் என்று மட்டும் புரிகிறது. அந்த இதழின் தேதி ஜூலை 1974. நிஜத்தில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியது ஆகஸ்ட் 9. அடுத்த இதழில் ஸ்டீவ் ரோஜர்ஸ் (முகமூடிக்குப் பின்னால் இருப்பவனின் நிஜப் பெயர்) கேப்டன் அமெரிக்கா என்ற பெயரையே வேண்டாம் என்று விடுகிறான், பிறகு ‘நாடோடி’ என்று பொருள்படும் பெயரோடு சில இதழ்கள் திரிகிறான். காலியாக இருந்த நான்காவது வரி அப்போதுதான் நிரம்பியது. 1987இல் எழுத்தாளர் மார்க் குரூன்வால்ட் இதையே அலுவலக மொழியில் செய்தார்: கேப்டன் என்ற பெயரும் கேடயமும் அரசின் சொத்து, சொன்னதைச் செய் என்கிறது ஒரு குழு. அவன் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான். அரசு ஜான் வாக்கர் என்ற வேறொருவனுக்கு அதே உடையை மாட்டுகிறது. ஒரே உடை, இரண்டு ஆள். உடைக்கும் அதைப் போட்ட ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்பதை வசனமே இல்லாமல் வாசகன் பார்த்துவிடுகிறான்.

இதை உங்கள் கதைக்குக் கொண்டுவர ஒரு வேலை செய்யுங்கள். தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் அந்த நாடு எழுத்தில் கொடுத்திருக்கும் வாக்குகள், அதாவது அரசியலமைப்பின் முகப்புரையில் இருப்பவை. இந்தியா என்றால் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வாக்கு உடைகிற ஓர் அன்றாடக் காட்சி. டீக்கடையில் தனி டம்ளர் மாதிரி, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். ‘ஊழல்’ என்று எழுதினால் அடித்துவிட்டு, யார் யாரிடம் எந்த மேஜையில் எவ்வளவு வாங்கினார் என்று எழுதுங்கள். நாயகன் இடது பக்கத்துக்காரன். கதைகள் வலது பக்கத்திலிருந்து வரும்.

வசனத்தில் ஒரு கட்டுப்பாடு: 22 பக்கத்துக்கு நாட்டின் பெயர் அவன் வாயில் ஒரு முறைக்கு மேல் வரவேண்டாம். மேலே போனால் அது சுதந்திர தின மேடைப் பேச்சு.

உலகத்துக்குப் பொதுவானவன் என்று முடிவானால்

உலக நாயகன் என்ற சொல்லைத் தமிழில் ஏற்கெனவே ஒரு நடிகருக்குக் கொடுத்தாயிற்று, அது போகட்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, செய்யாமல் அறிவிப்பது. 2011இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 900ஆவது இதழில் டேவிட் கோயர் எழுதிய ஒரு சிறுகதையில் சூப்பர்மேன் டெஹ்ரானுக்குப் போகிறான். போராட்டக்காரர்களுக்கும் படைக்கும் நடுவே 24 மணி நேரம் பேசாமல் நிற்கிறான், அடிக்கவில்லை. அருமையான காட்சி. ஆனால் அமெரிக்கா அனுப்பித்தான் வந்தான் என்று ஈரான் அரசு எடுத்துக்கொள்கிறது. அதனால் ஐக்கிய நாடுகள் சபையில் பேசி அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்கப் போவதாக அவன் சொல்கிறான். வாசகர்களும் செய்தி ஊடகங்களும் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்; நின்ற 24 மணி நேரம் யாருக்கும் நினைவில்லை. சில மாதத்தில் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் தன் இதழ்களை எல்லாம் முதலிலிருந்து தொடங்கியதால் அந்த இழையும் அங்கேயே அறுந்தது. குடியுரிமை என்பது தாள். அதைக் கிழித்துப் போடுவது ஒரு கட்டத்துக்கு மேல் ஓடாது. டெஹ்ரானில் நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் தன் ஊர்க்காரர்களே அவனைச் சந்தேகமாகப் பார்ப்பதாக எழுதியிருந்தால் ஒரு வருடத்துக்குக் கதை இருந்திருக்கும்.

இரண்டாவது தவறு, உடையும் சொல்லும் ஒட்டாமல் போவது. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை வொண்டர் வுமனைப் பெண்களின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதர் ஆக்கியது. அந்தச் சபையின் ஊழியர்களே எதிர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். அமெரிக்கக் கொடியை நினைவூட்டும் குட்டை உடையில் இருக்கும் ஒருத்தி எப்படி எல்லா நாட்டுப் பெண்களுக்கும் பொது என்பது அவர்கள் கேள்வி. டிசம்பரில் அந்தப் பதவி முடிந்தது. கதைப்படி அவள் அமெரிக்கக்காரியே இல்லை, தொலைதூரத் தீவில் பிறந்தவள். ஆனால் 1941இல் வரைந்த நட்சத்திர உடை 75 வருடம் கழித்தும் கதையை மிஞ்சிப் பேசியது.

அப்படியானால் எது எல்லையைத் தாண்டுகிறது? தமிழ் வாசகர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது அவன் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றின் நாயகன், வரைந்தவரோ ஸ்பெயின்காரர். இங்கே யாரும் அவன் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஒரே விதி. மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாத விதி. ஒன்பது வயதுப் பையன் இன்னொருவனுக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். உங்கள் நாயகனின் சக்தியை 12 சொல்லுக்குள் எழுதிப் பாருங்கள். நாட்டின் வரலாறோ புராணமோ தெரிந்தால்தான் புரியும் என்று வந்தால் அவன் உள்ளூர்க்காரன். அதில் தப்பில்லை, ஆனால் உலகத்துக்குப் பொது என்று அட்டையில் போடாதீர்கள்.

பெயரை மட்டும் மாற்றினால் ஊர் மாறிவிடாது என்பதும் இதோடு சேர்ந்தது. 2004இல் ஸ்பைடர்மேனை மும்பைக்குக் கொண்டுவந்து பவித்ர் பிரபாகர் என்று பெயர் வைத்து, வேட்டி மாதிரி உடையும் கட்டிவிட்டார்கள். காதலி மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள், பென் மாமா பீம் மாமா ஆனார். நான்கு இதழோடு முடிந்தது. படங்களில் மும்பை இருந்தது. கதையின் எலும்புக்கூடு குவீன்ஸிலேயே நின்றது.

புறநானூற்று வரி ஒன்று இங்கே எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அதை அவன் வாயில் வைக்க வேண்டாம்.

பல நாட்டு அணி

நாடா உலகமா என்று திணறுகிறவர்கள் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, நாட்டுக்கு ஒருவர் என்று அணி சேர்ப்பது. 1975இல் எக்ஸ்-மென் இப்படித்தான் புதுப்பிக்கப்பட்டது: ஜெர்மனி, சோவியத் யூனியன், கனடா, அயர்லாந்து, ஜப்பான், கென்யாவிலிருந்து ஸ்டார்ம், அமெரிக்காவின் அப்பாச்சி இனத்திலிருந்து தண்டர்பேர்ட். இவர்களில் தண்டர்பேர்டுக்குக் கோபம் தவிர வேறு குணமே கொடுக்கவில்லை. அதே வருடம் செத்துப்போனான். கனடாவின் வோல்வரின் இன்றுவரை நிற்கிறான். அவனை யாரும் கனடாவின் பிரதிநிதியாகப் படிப்பதில்லை. குள்ளமான, முரட்டுத்தனமான, கடந்தகாலம் தெரியாத ஓர் ஆளாகப் படிக்கிறார்கள்.

இதற்கு மருந்து, ஒரே நாட்டிலிருந்து இரண்டு பேரைப் போட்டு அவர்களைச் சண்டை போடவிடுவது. ஒருவன் இருந்தால் அவன் சொல்வதெல்லாம் அந்த நாட்டின் கருத்தாகத் தெரியும். இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால்தான் நாடு என்பது நிறையப் பேர் என்று புரியும். ஆறு பேர் அணி என்றால் மூன்று நாடு, நாட்டுக்கு இருவர். குவைத்தின் நயிஃப் அல்-முதவா 2006இல் தொடங்கிய ‘தி 99’ தொடர் 99 நாட்டிலிருந்து 99 நாயகர்கள் என்ற பெரிய திட்டம். அதிலும் களத்தில் இறங்குவது மூன்று மூன்று பேராகத்தான். அதற்கு மேல் பேனலும் (பக்கத்தில் உள்ள ஒரு படக் கட்டம்) தாங்காது, வாசகனும் தாங்கமாட்டான்.

அயல்நாட்டுக்காரர்களுக்குக் கொச்சைத் தமிழ் கொடுக்காதீர்கள். அவர்கள் தங்கள் மொழியில் பேசுவதாக இருந்தால் வசனத்தை < > குறிக்குள் போட்டு, முதல் தடவை மட்டும் ஓரத்தில் ‘ஜப்பானிய மொழியில்’ என்று எழுதினால் போதும். தமிழ்ச் சொல் நீளம். ஒரு வசனப் பலூனில் 15 சொல்லைத் தாண்டினால் படம் மூடிப்போகும்.

இப்போது உடை

உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி 2 செ.மீ. உயரத்துக்குச் சுருக்குங்கள். அப்போதும் அடையாளம் தெரியவேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் ஆபத்து: சிவப்பு, வெள்ளை, நீலம் என்றால் அமெரிக்காவா, பிரிட்டனா, பிரான்ஸா?

வடிவத்துக்கும் முன்கூட்டியே தேடிப் பாருங்கள். கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழில் கேடயம் முக்கோண வடிவம். அதற்கு 14 மாதம் முன்பே வேறொரு நிறுவனம் மார்பே கேடயமாக உள்ள ‘தி ஷீல்ட்’ என்ற நாயகனை இறக்கியிருந்தது. அவர்கள் ஆட்சேபிக்க, இரண்டாவது இதழிலேயே கேடயம் வட்டமாயிற்று. அதனால்தான் அது பறக்கும் தட்டு மாதிரி வீச வசதியாயிற்று என்பது வேறு கதை.

இந்தியாவில் அச்சிடுகிறவர்கள் மூன்று சட்டத்தைத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும்.

தேசிய கௌரவத்துக்கு இழைக்கப்படும் அவமதிப்புகளைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், கொடி என்பதில் அதன் ஓவியத்தையும் சேர்த்தே சொல்கிறது. இடுப்புக்குக் கீழே அணியும் உடையின் பகுதியாகக் கொடி இருப்பதை அவமதிப்பாகக் கணக்கிடுகிறது. தண்டனை 3 வருடம் வரை போகலாம். மூவர்ணக் கால்சட்டையும் பூட்ஸும் அதோடு சரி. மேலுடையிலும் காவி, வெள்ளை, பச்சையை அதே வரிசையில் பட்டையாகப் போடாமல் இருப்பது நல்லது. நாயகன் தலைகீழாகத் தொங்கும் ஒவ்வொரு பேனலிலும் கொடியும் தலைகீழாகும். அரசின் நடவடிக்கையை முறையான வழியில் விமர்சிப்பதை இந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. கதையில் கை வைக்க இடமுண்டு, துணியில்தான் கவனம் வேண்டும்.

சின்னங்கள், பெயர்கள் தொடர்பான 1950ஆம் ஆண்டுச் சட்டம், தேசியக் கொடியை வியாபாரத்துக்கு அனுமதியில்லாமல் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. உலகத்தின் பக்கம் சாய்கிறவர்கள் கவனிக்க: ஐக்கிய நாடுகள் சபையின் பெயரும் சின்னமும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆலிவ் கிளைக்குள் உலக வரைபடம் போட்டால் பிரச்சினையிலிருந்து தப்பித்துவிடலாம் என்ற கணக்குத் தப்பு.

மூன்றாவது, வில்லனின் அறைச் சுவரில் மாட்டும் வரைபடம். இந்திய சர்வே துறை வெளியிட்ட படத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை அச்சிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி 6 மாதம் வரை சிறைக்குரிய குற்றம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது நிறையப் பேர் செய்வது. ஒன்று, சர்வே துறைப் படத்தைப் பார்த்து வரையுங்கள்; அல்லது வில்லனின் தோள் அந்த எல்லையை மறைக்கட்டும்.

பன்னிரண்டு பக்கச் சோதனை

தொடரைத் தொடங்கும் முன் நான்கு பக்கத்தில் ஒரு கதை வீதம் மூன்று எழுதுங்கள், பக்கத்துக்கு 5 பேனல். வண்ணம் வேண்டாம், பென்சில் போதும்.

முதலாவது: எல்லையில் ஓடும் ஆற்றில் வெள்ளம், இரண்டு கரையிலும் ஆட்கள். எந்தக் கரைக்கு முதலில் போகிறான், ஏன்? இரண்டு கரையையும் ஒரே பேனலில் காப்பாற்றிவிட்டால் சக்தி அதிகம், குறையுங்கள். இரண்டாவது: அவனை அனுப்புகிறவரே தப்பான உத்தரவு போடுகிறார். அனுப்புகிறவரே இல்லை என்றால் அவனுடைய தெருக்காரர்கள் கேட்கட்டும். மூன்றாவது: எதிர்நாட்டிலும் இவனைப் போலவே ஒருவன். மார்வெல் 1967இல் கேப்டன் அமெரிக்காவுக்கு எதிராக ரெட் கார்டியன் என்ற சோவியத் நாயகனை நிறுத்தியது இந்தச் சோதனைதான். எதிராளியும் தன் பக்கத்து நியாயத்தை நம்புகிறவனாக இருக்கவேண்டும். நான்கு பக்கத்தில் யார் ஜெயிப்பது என்று முடிக்க வேண்டாம், இருவரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று கண்டுபிடித்தால் போதும்.

முடித்ததும் பலூன்களில் நாட்டின் பெயரையும் ‘உலகம்’, ‘மனிதகுலம்’ என்ற சொற்களையும் அழித்துவிட்டு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கதை நடக்கும் நாட்டுக்காரர், மற்றவர் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். இருவரிடமும் ஒரே கேள்வி: இவன் என்ன சொன்னாலும் செய்யமாட்டாத காரியம் எது? உள்ளூர்க்காரர் மட்டும் பதில் சொன்னால் இரண்டாவது கதையை மாற்றி எழுதுங்கள். வெளியாள் மட்டும் சொன்னால் ஊர் போதாது, மூன்றாவது வரிக்குத் திரும்பிப் போய்த் தெருவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் இன்னும் எழுதுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால், பென்சிலை எடுத்துச் சின்னத்தை வரையலாம்.